யாரோட வெள்ளிக்கிழமை

இல்லீங்க தம்பி, அது போன் இல்ல. போனுக்குள்ள இருக்கற ஆப்பு. போன் வந்தா வேற மாதிரி மணியடிக்கும். இது 'டொய்ங்'னு ஒருக்கா மட்டும் அடிச்சுட்டு நின்னுக்கும். தூக்கத்தைக் கெடுத்துப்போட்டனா? முழிச்சுட்டீங்கன்னா சரி, சொல்றேன். நீங்க பொள்ளாச்சி வரைக்கும்தானே? நான் கிணத்துக்கடவுல எறங்கிக்குவேன். அது வரைக்கும் பேச்சுத் துணையாச்சு.

எனக்கு விவாகரத்து ஆயிருச்சுங்க. ரெண்டு வருசம் மூணு மாசம். மூஞ்சிய அப்படி வெக்காதீங்க, எல்லாரும் அப்படித்தான் வெக்கறாங்க. எங்களுக்குள்ள ஒரு சண்டையும் கெடையாது. அவளும் நானும் பதினாலு மாசம் ஒரு வார்த்தை பேசாம இருந்தோம்னாப் பாத்துக்கங்களேன். அவ்வளவு ஒத்துமை.

எல்லாம் இந்த ஆப்பு வந்ததுக்கப்புறம். பிரிஞ்ச அப்பா அம்மா புள்ளைய வளக்கறதுக்குன்னே பண்ணியிருக்கறாங்க. பேரு எதுக்குங்க, விளம்பரம் பண்ற மாதிரி ஆயிரும். என்ற வக்கீல்தான் சொன்னாரு. "திருமூர்த்தி, வாட்சப்புல நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கறதைப் படிச்சு எனக்கே தலைவலி வருது, இதைப் போட்டுப் பாருங்க"ன்னாரு. அன்னைக்கே போட்டேன். நான் மொதல்ல போட்டதுனால அதுல நான் 'பெற்றோர் ஒன்று'. என்ற சம்சாரமா இருந்த சுகந்தி ரெண்டு நாள் கழிச்சுப் போட்டா. அவ 'பெற்றோர் இரண்டு'. அதை நான் வெக்கலீங்க, அதுவாவே வெச்சுக்கிச்சு.

இங்க பாருங்க, இதுதான் கேலண்டர். பச்சையா இருந்தா பாப்பா என்கூட. ஆரஞ்சா இருந்தா அவ அம்மாகூட. ஒரு வாரம் பச்சை, ஒரு வாரம் ஆரஞ்சு. நான் கோயமுத்தூர்ல, கணபதில இருக்கறேன். அவ பொள்ளாச்சில ஒரு ரத்தப் பரிசோதனை லேப்புல வேலை. பாப்பாவுக்கு ரெண்டு பேருக்கும் நடுவுல, கிணத்துக்கடவுல பள்ளிக்கூடம். ரெண்டு பக்கமும் வேன் வருது. வாராவாரம் வெள்ளிக்கிழமை மட்டும் வேன் இல்ல. பள்ளிக்கூடத்துக்கு எதுக்க ஒரு பேக்கரி. நாலு இருவதுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் வாட்ச்மேன் பாப்பாவை ரோட்டைத் தாண்டி அங்க உட்டுட்டுப் போவாரு. அடுத்த வாரம் யாரோட வாரமோ அவங்க அஞ்சு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போகோணும். வந்ததும் ஆப்புல 'ஒப்படைப்பு முடிந்தது'ன்னு ஒரு பொத்தான் இருக்குது, அதை அமுக்கோணும். எந்த எடத்துல எத்தனை மணிக்கு அமுக்குனோம்கறதெல்லாம் பதிவாயிரும். அழிக்கவே முடியாது.

நான் யாரோட தப்பையும் எண்ணிட்டு இருக்கற ஆள் இல்லீங்க. ஆனா சுகந்தி மொத வருசத்துல பத்தொம்போது தடவை லேட்டு. அதிகபட்சம் பதினோரு நிமிசம்.

என்ற வேலை அப்படிங்க. மோட்டார் பம்பு கம்பெனியில தரப் பரிசோதனை. ஒவ்வொரு பம்புக்கும் ஒரு அட்டை உண்டு. தண்ணி எத்தனை அடி ஏறுச்சு, சத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு, எல்லாம் எழுதோணும். எழுதாம ஒண்ணு வெளிய போவாது. குடும்பத்துக்கும் அப்படி ஒண்ணு இருந்திருந்தா நாங்க பிரிஞ்சே இருக்க மாட்டோம்னு நெனைப்பேன். கோர்ட்டுல கவுன்சிலிங் பண்ற அம்மா சுகந்தியக் கேட்டாங்க, "என்னம்மா உனக்குக் குறை? குடிக்கிறாரா, அடிக்கிறாரா?" அவ சொன்னா, "அதெல்லாம் இல்லீங்க. இவருகூட இருக்கறது தெனமும் பரீட்சை எழுதற மாதிரி இருக்குது." இதை ஒரு குறைன்னு சொல்றாளே! பரீட்சைன்னா நல்லதுதானுங்களே. தயாரா இருக்கலாமில்ல?

சரி, ஆப்புக்கு வர்றேன். அதுல இன்னொரு சௌகரியம் என்னன்னா, நாம கோவமா எதாவது எழுதுனா அதுவே கண்டுபுடிச்சு நிறுத்திரும். மஞ்சக் கலர்ல ஒரு மூஞ்சி வரும். 'இந்தச் சொல் மற்றவரைப் புண்படுத்தலாம். மாற்ற விரும்புகிறீர்களா?' அப்படீன்னு கேக்கும். ஒருக்கா நான் 'வழக்கம்போல லேட்டு'ன்னு எழுதுனேன். நிறுத்திப்போட்டுது. 'வழக்கம்போல'ங்கறதுல புண்படுத்தறதுக்கு என்னங்க இருக்குது? அப்புறம் கத்துக்கிட்டேன். 'தாங்கள் இன்று ஒன்பது நிமிடம் தாமதமாக வந்தமைக்கு நன்றி'ன்னு போட்டா அதுபாட்டுக்குப் போயிரும். நன்றின்னு போட்டா எதுனாலும் போவும். பதினாலு மாசமா நானும் அவளும் நன்றி நன்றின்னுதான் எழுதிக்கிட்டோம். கல்யாணமாகிப் பன்னெண்டு வருசத்துல அத்தனை நன்றி சொன்னதில்ல.

பாப்பா பேரு மிருதுளாங்க. பன்னெண்டு வயசு. நெம்ப அமைதி. முன்னெல்லாம் வாய் ஓயாது. அப்பா அதென்ன, இதென்னன்னு உசுரை வாங்கும். இப்ப கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். பல்லு தேய்க்கற பிரஷ்சுல இருந்து எல்லாத்துலயும் ரெண்டு வெச்சிருக்குது, ஒண்ணைக்கூட மறந்து உட்டுட்டு வந்ததில்ல. சில சமயம் எதாவது வேணும்னா, "அப்பா, இதைக் கோரிக்கையில போடோணுமா?"ன்னு கேக்கும். நான் கம்பெனியில பெருமையாச் சொல்லுவேன், என்ற புள்ளைக்கு இருக்கற ஒழுங்கு உங்க யாருக்காச்சும் இருக்குதான்னு. அவங்க மீட்டரைப் பாக்கத் திரும்பிக்குவாங்க.

போன ஆடி மாசம் ஒரு நாள். நான் கம்பெனில பம்பை ஓடவுட்டு மீட்டரைப் பாத்துட்டு இருக்கறேன், சுகந்தி போன் பண்றா. நேராப் போனு. என்னமோ ஏதோன்னு எடுத்தா, பாப்பா பேசுது. "அப்பா! நான் நீளம் தாண்டறதுல மொதப் பரிசு! மூணு மீட்டர் நாப்பது!" அப்படீங்குது. பின்னாடி சுகந்தி சிரிக்கறது கேக்குது. நான் சொன்னேன், "வாழ்த்துகள் பாப்பா. ஆப்புல 'சாதனைகள்'னு ஒரு பக்கம் இருக்குது, அம்மாவ அதுல பதிவு பண்ணச் சொல்லு. அப்பா வேலையில இருக்கறேன்." பாப்பா சரிங்கப்பான்னு வெச்சிருச்சு.

தப்பாச் சொல்லுங்க பாப்போம்? போன் அவசரத்துக்கு மட்டும்தான்னு ஏற்கனவே பேசி வெச்சது. ஆனா அவசரம்னா என்னன்னு எழுதாம உட்டுட்டோம். அது எங்க தப்பு. அன்னைக்கே உக்காந்து எழுதுனேன். 'அவசரம் என்றால்: ஒன்று, மருத்துவமனை. இரண்டு, விபத்து. மூன்று, காவல் நிலையம்.' சுகந்திக்கு அனுப்புனேன். அவ மூணு நாள் கழிச்சு 'ஏற்கிறேன்'னு அமுக்குனா. நன்றின்னுகூடப் போடல. பாப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கட்டும்னு ஒரு பிரிண்ட் எடுத்து, பள்ளிக்கூட டைரியில கடைசிப் பக்கத்துல ஒட்டிக் குடுத்தேன். பசை காஞ்சு சுருங்காம இருக்கறதுக்கு மேல ஒரு டேப்பும் ஒட்டுனேன்.

அதுக்கு மூணு மாசம் கழிச்சுதான் இந்த வெள்ளிக்கிழமை வந்துச்சு.

கொஞ்சம் கவனமாக் கேளுங்க, இதைக் கோட்டைவுட்டீங்கன்னா எல்லாரையும் போல நீங்களும் என்னையத்தான் குத்தம் சொல்லுவீங்க.

அந்த வெள்ளிக்கிழமைல இருந்து என்ற வாரம். பச்சை. தாராபுரத்துல சுகந்தியோட அக்கா வீடு கட்டி, ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சறாங்க. பாப்பாவைக் கூட்டிட்டுப் போகோணும், இந்த வாரத்தை எனக்குக் குடுத்துட்டு அடுத்த வாரத்தை நீங்க எடுத்துக்கங்கன்னு ஆப்புல கோரிக்கை போட்டா. புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு இருவதுக்கு. வாரத்தை மாத்தோணும்னா நாப்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னாடி கேக்கோணும்ங்கறது விதி. வெள்ளி அஞ்சு மணிக்கு ஒப்படைப்புன்னா புதன் அஞ்சு மணிக்குள்ள கேட்டிருக்கோணும். இருவது நிமிசம் லேட்டு. 'நிராகரி' அமுக்கிட்டேன்.

அப்புறம் யோசிச்சேன். நான் ஒண்ணும் கல்லு இல்லீங்களே. புள்ள பெரியம்மா வீட்டு விசேசத்துக்குப் போகாம இருக்கறது நல்லா இருக்காதில்ல? ஆனா நிராகரிச்சதைத் திருப்பி ஏத்துக்க முடியாது, மூடிரும். நாப்பத்தெட்டு மணிக் கணக்கு கேக்கறதுக்குத்தான், குடுக்கறதுக்கு இல்லீங்களே, அதனால வியாழக்கிழமை காலையில நானே ஒரு கோரிக்கை போட்டேன். 'இந்த வாரத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளவும்.' பெருந்தன்மை யாருதுன்னு பதிவுல இருக்கோணும் பாருங்க. அவ என்ன பண்ணியிருக்கறா, அதே நேரத்துல மறுபடியும் ஒண்ணு போட்டிருக்கறா, தயவுசெய்து தயவுசெய்துன்னு. நான் அவளோடதை ஏத்துக்கிட்டேன். அவ என்னோடதை ஏத்துக்கிட்டா.

என்ன ஆச்சு? ரெண்டு தடவை மாத்தியாச்சு. கையை ஒருக்கா திருப்புனா உள்ளங்கை. இன்னொருக்கா திருப்புனா? பழையபடி பொறங்கைதானுங்களே. கேலண்டர் மறுபடியும் பச்சையாப் போயிருச்சு.

நான் அதைப் பாக்கல. எதுக்குப் பாக்கோணும்? நான்தான் குடுத்துட்டேனே. குடுத்தவனுக்குத் தெரியாதா? அவ பாத்திருக்கறா. வெள்ளிக்கிழமை மத்தியானம் லேப்புல சாப்படறப்ப எடுத்துப் பாத்திருக்கறா, பச்சைன்னு இருக்குது. சரி, மனசு மாறி வாங்கிட்டாராட்டத் தெரியுதுன்னு நெனைச்சுட்டா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? கேக்கல. அக்காவைக் கூப்பிட்டு, புள்ள வராது, நான் மட்டும் வர்றேன்னு சொல்லியிருக்கறா.

ஆக, அவ கணக்குல பாப்பா என்கூட. என்ற கணக்குல பாப்பா அவகூட.

நான் அஞ்சு மணிக்குக் கம்பெனில இருந்து வந்தேன். குளிச்சேன். தோசைக்கல்லைப் போட்டேன். ஆறு மணிக்கு ஆப்பு அடிக்குது, 'இன்றைய ஒப்படைப்பு இன்னும் பதிவாகவில்லை.' எனக்குச் சிரிப்பு. புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டு பொத்தானை அமுக்க மறந்துட்டாளேன்னு. 'பெற்றோர் இரண்டு அவர்களுக்கு, ஒப்படைப்பைத் தயவுசெய்து பதிவு செய்யவும். நன்றி'ன்னு எழுதுனேன். அவ பதில் போட்டா, 'அதை நீங்கதான் பதிவு செய்யணும். நன்றி.' நான் எழுதுனேன், 'பெற்றுக்கொண்டவரே பதிவு செய்ய வேண்டும் என்பது விதி ஏழு. நன்றி.' அவ எழுதுனா, 'அதைத்தான் நானும் சொல்றேன். நன்றி.' இப்படியே ஆளுக்கு நாலு. ஒரு தடவை கூட மஞ்ச மூஞ்சி வரல தம்பி. அத்தனை மரியாதையா எழுதிக்கிட்டோம்.

நடுவுல ஒரு தெரியாத நம்பர்ல இருந்து ரெண்டு போனு. நான் தெரியாத நம்பர் எடுக்கறதில்ல. எழுதிட்டு வேற இருந்தேன்.

அப்புறம் சுகந்தி போன் பண்ணுனா. நேராப் போனு. ஆப்புல எழுதிட்டு இருக்கறப்பவே போன் பண்றது என்ன பழக்கம்னு வெட்டிவுட்டேன். மறுபடி வந்துச்சு. எடுத்தேன்.

"மிரு பேக்கரில தனியா உக்காந்திருக்குதாம். பேக்கரிக்காரரு கூப்பிட்டாரு. நான் கெளம்பிட்டேன்."

"உன்கூடத்தானே இருக்குது?"

"இன்னைக்குப் பச்சைங்க."

"அது வந்து, நான் குடுத்துட்டேன், நீ கோரிக்கை போட்டே, அதை நான் ஏத்துக்கிட்டதுல..."

வெச்சுட்டா. பேச்சை முடிக்காம வெக்கறது அவளுக்கு எப்பவும் உள்ள பழக்கம்.

அப்ப மணி ஆறு இருவத்தஞ்சு. வண்டிய எடுத்தேன். தோசைக்கல்லை அணைச்சனா இல்லையான்னு உக்கடம் வந்ததும் தோணுச்சு. திரும்பல. எப்படிப் போனேன்னு தெரியலீங்க. பச்சை லைட்டு எரிஞ்சுதா செவப்பு லைட்டு எரிஞ்சுதான்னு ஞாபகமில்ல. எனக்கு அப்படி ஆனதே இல்ல.

ஏழு பத்துக்குப் போயிச் சேந்தேன். சுகந்தி எனக்கு முன்னாடியே வந்துட்டா. பெஞ்சுல உக்காந்திருக்கறா, தலையில ஹெல்மெட் அப்படியே இருக்குது. கழட்டல. மடியில பாப்பாவோட புத்தகப் பை. பாப்பா உள்மேசையில உக்காந்து கேக்கு அட்டைப் பொட்டி மடிச்சுட்டு இருக்குது. தட்டையா வரும் பாருங்க, அதை மடிச்சு மடிச்சுப் பொட்டியாக்கறது. பேக்கரிக்காரரு சம்சாரம் பக்கத்துல நின்னு தலையத் தடவிட்டு இருந்தாங்க.

என்னையப் பாத்ததும் பாப்பா எந்திரிச்சுருச்சு.

"அப்பா, நான் யாரையும் கூப்பிடல. பேக்கரி மாமாதான் கூப்பிட்டாரு" அப்படீன்னுச்சு.

நான், "பரவால்ல பாப்பா, நல்ல பொண்ணு"ன்னேன். வேற என்னங்க சொல்றது? சுகந்தி என்னைய நிமிந்து ஒரு பார்வை பாத்தா. அந்தப் பார்வை எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

பேக்கரிக்காரரு பேரு மயில்சாமிங்க. நல்ல மனுசன். அன்னைக்கு வெள்ளிக்கிழமைக் கூட்டம், அவருக்குப் பாப்பா உக்காந்திருக்கறதே கவனத்துல இல்ல. அஞ்சரைக்கு சம்சாரம்தான் பாத்துட்டு, "ஏன் கண்ணு, இன்னும் ஆரும் வரலியா?"ன்னு கேட்டிருக்கறாங்க. "வருவாங்க அத்தை"ன்னு சொல்லியிருக்குது. ஆறு மணிக்கு இவரு வந்து, "நம்பர் சொல்லு சாமி, போன் போடறேன்"னிருக்கறாரு. சொல்ல மாட்டேன்னுருச்சாம். ரெண்டு நம்பரும் அதுக்கு மனப்பாடம் தம்பி. எனக்கே சுகந்தி நம்பர் மனப்பாடம் கெடையாது.

மயில்சாமி டைரியக் கொண்டாந்து கடைசிப் பக்கத்தைத் திறந்து என்ற முன்னாடி வெச்சாரு. நாலு பேரு டீ குடிச்சுட்டு நிக்கறாங்க, அவங்க முன்னாடியே சத்தமாப் படிக்கறாரு. "அவசரம் என்றால். ஒன்று, மருத்துவமனை. இரண்டு, விபத்து. மூன்று, காவல் நிலையம்." படிச்சுட்டுச் சொல்றாரு, "ஏனுங் சார், நான் போனை எடுத்தா பாப்பா இந்தப் பக்கத்தைக் காட்டி, மாமா, இது இதுல இல்லீங்க, கூப்பிடக் கூடாதுங்குது. அப்ப அம்மாவையாச்சும் கூப்பிடறேன்னா, இன்னைக்கு யாரோட நாள்னு எனக்குத் தெரியல மாமா, தப்பான ஆளைக் கூப்பிட்டுட்டா அவங்களுக்குள்ள பிரச்சினை வரும்ங்குது. அப்புறம் நானே மொதப் பக்கத்துல நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். உங்களுக்கு ரெண்டு தடவை போட்டேன். நீங்க எடுக்கலீங்க."

நான் என்ன சொன்னேன்னா, நாலாவதா ஒண்ணு சேத்தியிருக்கோணும்ங்க, அது விட்டுப்போச்சு, அப்படீன்னேன். உண்மைதானே? எழுதுனதுல ஒரு ஓட்டை. எந்த விதியிலயும் மொத தடவை ஒரு ஓட்டை இருக்கும். டீ குடிச்சுட்டு இருந்தவரு ஒருத்தரு கிளாசை வெச்சுட்டு வெளிய போயிட்டாரு.

இதுல யாரு மேல தப்புன்னு அப்பவே தெளிவுபடுத்திரலாம்னு போனை எடுத்தேன். ரெண்டு கோரிக்கையும் எத்தனை மணிக்கு வந்துச்சு, எப்ப ஏத்துக்கிட்டோம், எல்லாம் இருக்குதில்ல?

"போனை உள்ள வைங்க"ன்னா சுகந்தி.

"இல்ல, பதிவு என்ன சொல்லுதுன்னா..."

"திருமூர்த்தி. போனை உள்ள வைங்க."

பேரைச் சொல்லிட்டாளுங்க! பன்னெண்டு வருசம் குடும்பம் நடத்துனதுல 'ஏனுங்க'ன்னுதான் கூப்பிட்டிருக்கறா. கோர்ட்டுலகூட 'இவரு'ன்னுதான் சொன்னா. பேரு வாயில வந்ததே இல்ல. போனை உள்ள வெச்சுட்டேன்.

"நீ பச்சைன்னு பாத்தியே, ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல?"ன்னு மட்டும் கேட்டேன்.

"கேட்டா நீங்க விதி சொல்லுவீங்க"ன்னா. "அதைக் கேக்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல. நான் பாட்டுக்கு இருந்துட்டேன். தப்புதான். என்ற புள்ள ரெண்டு மணி நேரம் இங்க உக்காந்திருக்குது, நான் லேப்புல அடுத்தவங்களுக்கு ரத்தம் எடுத்துட்டு இருந்திருக்கறேன்."

அழுதா. ஹெல்மெட்டோட அழுகறதைப் பாத்திருக்கறீங்களா? கண்ணாடிக்கு உள்ள கையவுட்டுத் தொடைக்கறா.

எனக்குக் கை நடுங்குச்சு. வண்டி ஓட்டிட்டு வந்ததுனால. எழுவதுல ஓட்டிட்டு வந்தா யாருக்கும் நடுங்குமுங்க. என்ன பண்றதுன்னு தெரியாம பாப்பா மடிச்சு வெச்ச பொட்டிய எண்ணுனேன். நாப்பத்திமூணு. ஒண்ணொண்ணா எடுத்து மூலைய அமுக்கிப் பாத்தேன். ஒண்ணுகூடக் கோணல் இல்ல. ஒண்ணாவது கோணலா இருந்திருக்கலாம்னு தோணுச்சு. தரப் பரிசோதனையில பதினெட்டு வருசத்துல எனக்கு அப்படித் தோணுனதே இல்ல. ஏன் தோணுச்சுன்னு தெரியல.

மயில்சாமி எங்க ரெண்டு பேருக்கும் டீ கொண்டாந்து வெச்சாரு. பாப்பாவுக்குப் பால். ஒரே மேசையில மூணு பேரும் உக்காந்தோம். அப்படி உக்காந்து எத்தனை நாள் ஆச்சுன்னு ஆப்புலகூட இருக்காது, ஆப்பு வர்றதுக்கு முந்தின கணக்கு.

சுகந்தி கேட்டா, "ஆருகூடப் போற கண்ணு?"

"கேலண்டர்ல எப்படி இருக்குதோ அப்படி."

நாங்க ரெண்டு பேரும் போனைத் தொடல. தொட்டா எங்க கேலண்டர் பச்சைன்னு காட்டிப்போடுமோன்னு சுகந்தி பயந்துக்கிட்டாளோ என்னமோ. நானே சொல்லிட்டேன், "நீ அம்மாகூடப் போ பாப்பா. பெரியம்மா வீட்டு விசேசத்துக்குப் போயிட்டு வா." இதை வாயில சொன்னேன். பதிவு இல்ல. நீங்க நம்பித்தான் ஆகோணும்.

பாப்பா பாலைக் குடிச்சு முடிச்சு, டம்ளரை ஓரமா வெச்சுட்டு, "நான் ஒண்ணு கேக்கட்டுமா?"ன்னுச்சு.

கோரிக்கைன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எப்படியோ முழுங்கிட்டேன்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. ஆரோட வாரமா இருந்தாலும்."

சுகந்தி, "எதுக்கு சாமி?"ன்னா. அவ மூஞ்சியப் பாத்தா, புள்ள அப்பா அம்மா ஒண்ணாச் சேரோணும்னு கேக்குதுன்னு நெனைச்சுட்டா போல. எனக்கும் ஒரு நிமிசம் அப்படித்தான் பட்டுது.

பாப்பா சொல்லுச்சு, "ரெண்டு பேரையும் வரச் சொன்னாத்தான் ஒருத்தராவது வருவீங்க."

அழுகல தம்பி. கோவமும் இல்ல. பள்ளிக்கூடத்துல மனப்பாடப் பாட்டு ஒப்பிக்கற மாதிரி சொல்லுச்சு. எங்க கம்பெனில இதுக்கு ஸ்டாண்ட்பைன்னு பேரு. பெரிய கட்டடத்துக்குப் பம்பு போடறப்ப ஒண்ணுக்கு ரெண்டாப் போடுவோம். ஒண்ணு நின்னுபோனா இன்னொண்ணு ஓடோணும். எத்தனை பேருக்கு அதை நான் வெளக்கியிருக்கறேன்! பன்னெண்டு வயசுப் புள்ள, யாரும் சொல்லிக்குடுக்காம, அதுவாக் கண்டுபுடிச்சிருக்குது பாருங்க. எனக்குப் பெருமையா இருக்கோணும். இருந்துச்சு. ஆனா டீயைத் தள்ளி வெச்சுட்டேன்.

அதுக்கப்புறம் ஆப்புக் கம்பெனிக்கு ரெண்டு பக்கத்துக்கு எழுதிப் போட்டேன். ஒரே வாரத்துக்கு ரெண்டு கோரிக்கையை ஏத்துக்கிட்டா எச்சரிக்கை வரோணும்னு. 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு பதில் வந்துச்சு. டைரியில அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம்னு பாத்தேன், டேப்பு ஒட்டுனதுனால வரல. இழுத்தா அட்டையோட வருது. சுகந்திதான் அது மேல ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, எங்க ரெண்டு பேரு நம்பரையும் எழுதி, 'எப்ப வேணும்னாலும்'னு எழுதியிருக்கறா. 'எப்ப வேணும்னாலும்'ங்கறது ஒரு விதியான்னு எனக்குத் தெரியல. எதுக்கு, எத்தனை தடவை, ஒண்ணுமே இல்ல. சொல்லலாம்னு இருந்தேன். இருக்கட்டும்னு உட்டுட்டேன்.

ஒம்போது வெள்ளிக்கிழமை ஆச்சு. ரெண்டு பேரும் வர்றோம். மொத ரெண்டு வாரம் யாரும் ஒண்ணும் பேசல. மூணாவது வாரம் பாப்பா, "நான் வீட்டுப்பாடம் எழுதறேன், நீங்க எதாவது பேசிட்டு இருங்க"ன்னுருச்சு. என்ன பேசறது? அவ வண்டி உள்ள வர்றப்பவே ஒரு கிரீச்சுச் சத்தம். "பிரேக் ஷூ தேஞ்சிருக்குது, மாத்திரு"ன்னேன். "அப்படீங்களா"ன்னா. அவ்வளவுதான். பதினாலு மாசத்துக்கப்புறம், அந்த ஒரு நாளை உட்டா, பேசுன மொதப் பேச்சு பிரேக் ஷூ. அடுத்த வாரம் வந்தப்ப சத்தம் இல்ல. மாத்தியிருக்கறா. நான் சொன்னதை அவ கேட்டுச் செஞ்சது அதுதான் மொத தடவைன்னு நெனைக்கறேன். நன்றின்னு சொல்லியிருக்கலாம். வாயில சொல்றதுன்னா அது வரமாட்டேங்குது.

போன வாரம் பாப்பா பேச ஆரம்பிச்சு முக்கா மணி நேரம் நிறுத்தல. எவளோ ஒரு பொண்ணு எவளோ ஒருத்தியோட பென்சில் பாக்ஸை ஒளிச்சு வெச்ச கதை. தலையும் இல்ல வாலும் இல்ல. மயில்சாமி கடையில வேலைய உட்டுட்டு வந்து கேட்டுட்டு நிக்கறாரு.

ஆப்பை எடுக்கலீங்க. அது பாட்டுக்கு இருக்குது, நல்ல ஆப்புதான். நீங்களும் தேவைப்பட்டாப் போட்டுக்கங்க, வேண்டாம்ங்கல. ஆனா இந்த வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரத்தைத்தான் அதுல எதுல போடறதுன்னு தெரியல. ஒப்படைப்பும் இல்ல, சந்திப்பும் இல்ல. 'மற்றவை'ன்னு போட்டா 'நோக்கம்' என்னன்னு கேக்குது. நோக்கம் எழுதாம பதிவாகாது. ஒம்போது வாரமும் பதிவாகாம நிக்குது.

பைக்கா? இந்த ரோட்டுல இப்ப பைக்குல போறதில்லீங்க. அன்னைக்கு வந்த கை நடுக்கம் ஈச்சனாரி தாண்டுனா வந்துருது. பஸ்சு சௌகரியம். உக்காந்து யோசிக்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் கம்பெனில ரெண்டு மணிக்கே பர்மிசன் போட்டுக்கறேன்.

அட, வந்துருச்சுங்க. கண்டக்டர் விசிலடிச்சுட்டாரு. சித்த காலை ஒதுக்கிக்கங்க. அந்தப் பைய எடுங்க... ஆ, இதான்.

என்னங்க கேட்டீங்க? இல்லீங்க, இன்னைக்குப் பாப்பா என்கூட வராது. இன்னைக்கு ஆரஞ்சு. அவ அம்மாதான் கூட்டிட்டுப் போவா. நான் சும்மா பாத்துட்டு அடுத்த பஸ்சுல திரும்பிருவேன். மணி மூணு நாப்பதுதான் ஆச்சு, இத்தனை சீக்கிரமாப் போயி என்ன பண்ணுவேன்னு கேக்கறீங்களா? நீங்க ஒண்ணு. பள்ளிக்கூடம் விட்டு ரோட்டைத் தாண்டி வர்றப்ப, அந்தப் பெஞ்சுல ஆராவது உக்காந்திருக்கறது கண்ணுல படோணுமில்லீங்களா.